அறவாழியின் இரண்டாம் பாதி

எங்கள் குடும்ப அட்டையில், எரிவாயு இணைப்பு எண்ணுக்குக் கீழே, விருப்ப நடிகர் என்ற இடத்தில் அறவாழி என்று அச்சாகியிருக்கிறது. எல்லோருடைய அட்டையிலும் ஒரு பெயர் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் சர்க்கரை போடமாட்டார்கள்.

எங்கள் வட்டத்தில் பதினோராயிரம் அட்டைகள். அவற்றில் அறவாழி என்று இருப்பது என்னுடையது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் கதாநாயகர்களை எழுதிக்கொண்டார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் போய் நிற்பதற்கு ஒரு தைரியமும் வேண்டாம்.

ஒரே ஆள் என்பதால் ரசிகர் மன்றத்தின் தலைவர், செயலாளர், கொள்கை பரப்புச் செயலாளர் மூன்றும் நான்தான். மாதம் ஒரு முறை செயற்குழு கூடும். போன மாதம் கொள்கை பரப்புச் செயலாளர் வரவில்லை. விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அறவாழியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கதாநாயகனின் அண்ணன். சில படங்களில் நண்பன். இரண்டு படங்களில் நேர்மையான வட்டாட்சியர். எந்தப் படமானாலும் இடைவேளைக்கு முன் இறந்துவிடுவார். லாரி மோதி, அரிவாள் வெட்டு வாங்கி, பாலத்திலிருந்து விழுந்து, ஒரு முறை பஞ்சாலையில் மூச்சுத் திணறி. மொத்தம் முப்பத்தெட்டு முறை. அவர் இறந்ததும் கதாநாயகன் வானத்தைப் பார்த்துக் கத்துவான். மணி அடிக்கும். விளக்கைப் போடுவார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

இரண்டாம் பாதி எதையும் நான் பார்த்ததில்லை. அவர் இல்லாத படத்தில் எனக்கு என்ன வேலை. என் மனைவி வத்சலா மட்டும் உட்கார்ந்து முழுவதையும் பார்ப்பாள். டிக்கெட் வாங்கியாயிற்று என்பாள். நான் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் காத்திருப்பேன். வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டாம் பாதியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது.

மறுநாள் காலையில் போஸ்டர் ஒட்டுவேன். அது எங்கள் மன்றத்தின் வழக்கம். மற்ற மன்றத்துக்காரர்கள் படம் வெளியானால் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வார்கள். எங்கள் ஆள் இறந்துவிடுகிறார். ஆகவே கண்ணீர் அஞ்சலி. மாலை போட்ட படம், இரண்டு பக்கமும் ஊதுபத்தி, கீழே நான்கு வரி. அன்பே உருவான அண்ணனே, பண்பின் சிகரமே, எங்களைத் தவிக்கவிட்டு எங்கே சென்றாய் என்று போகும். எங்களை என்று போட்டது ஒரு கௌரவத்துக்காக.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள சுவரில்தான் ஒட்டுவேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதில் அந்தச் சுவர் நான்கு அடி தடித்துவிட்டது. பதினேழாம் எண் பேருந்து இப்போது அந்தத் தெருவில் திரும்புவதில்லை. பயணிகள் மட்டும் திரும்புகிறார்கள்.

மூன்று வருடமாக அறவாழிக்குப் படம் இல்லை. நல்ல கதைக்காகக் காத்திருக்கிறார் என்று மன்றத்தின் சார்பில் அறிக்கை விட்டேன். செயலாளர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

வியாழக்கிழமை, கடைசிப் படத்தில் அவர் இறந்ததற்கு மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. பசை வாளியோடு போனேன். சுவரில் ஏற்கெனவே ஒரு போஸ்டர் இருந்தது. ஈரம் காயவில்லை. அதே முகம். யாரோ போட்டி மன்றம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மாலை இருக்கவேண்டிய இடத்தில் கிட்டாரின் வார் இருந்தது. ஊதுபத்தி இருக்கவேண்டிய இடத்தில் மைக் நின்றது.

ஈர மீட்டர் பெட்டி என்னும் ராக் இசைக்குழு, பாடுபவர் அறவாழி என்று போட்டிருந்தது. இன்று மாலை நான்கு மணி. வேதவல்லி திருமண மண்டபம், சாப்பாட்டுக் கூடம்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு வருத்தமாக இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தலைமை மன்றத்துக்குத் தெரிவிக்காமல் எப்படி ஆரம்பிக்கலாம். அதற்குள் பசை சொட்டி என் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. செருப்பை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வத்சலா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாட்டுக் கச்சேரியிலாவது கடைசிவரை இருப்பாரா என்று கேட்டாள். இன்னும் ஆறு கொக்கி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றாள்.

மண்டபத்தின் கேட் எங்கள் மாடி வீட்டுப் பரமானந்தம். போன ஆடியிலிருந்து கேட்டாக இருக்கிறார். வேலை நிரந்தரம், வெயில்தான் கொஞ்சம் அதிகம் என்பார். பெயின்ட் அடித்திருந்தார்கள். பச்சை அவருக்கு நன்றாகவே இருந்தது.

அவர் கழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. பாடகர் காலமானவர் என்பதால் முதல் பாதி மட்டும் நடைபெறும் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னது.

"என்ன பரமானந்தம் இது?"

"காலமானவங்களுக்கு இடைவேளை வரைக்கும்தான் அனுமதி, துளசிங்கம். இது நான் போட்ட ரூல் இல்ல."

அவர் காலமாகவில்லை என்று சொன்னேன். அதை மாடியில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் பரமானந்தம். மாடியில் திரை இறப்புப் பதிவகம் இருக்கிறது, ஆறு மணி வரை திறந்திருக்கும். இப்போது மணி மூன்று பத்து. கிரீச் என்று அவர் திறந்துகொண்டார். அவருக்கு இடுப்பில் எண்ணெய் போடவேண்டியிருந்தது.

படி பதினான்கு. அதற்கு மேல் ஒரு நடைவழி. கடைசியில் கதவு தெரிந்தது, இருபது அடி இருக்கலாம். கால் மணி நேரம் நடந்தேன். அப்போது அது முப்பது அடியாக இருந்தது. வழியில் ஒருவர் கொய்யாப்பழம் நறுக்கி மிளகாய்ப்பொடி போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கதவைப் பார்த்து நடந்தால் இப்படித்தான் என்றார். அங்கே ஒரு வேலையும் இல்லாதவனைப்போல நடக்க வேண்டுமாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, கொய்யாவைத் தின்றுகொண்டே நடந்தேன். ஐந்தாவது அடியில் நெற்றி கதவில் இடித்தது.

உள்ளே பதிவாளர் ஜெபமணி நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலிக்குப் போன மாதம் பதவி உயர்வு வந்துவிட்டது. அதனால் அதில் உட்கார அவருக்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு கோப்பையும் எடுத்து முதலில் நாற்காலியிடம் காட்டினார். அது லேசாகக் கிரீச்சிட்டது. அதற்குப் பிறகே பிரித்தார்.

அறவாழியின் கோப்பு தலையணை அளவு இருந்தது. உள்ளே முப்பத்தெட்டு கண்ணீர் அஞ்சலிகள், இரண்டு நினைவஞ்சலிகள். எல்லாம் என்னுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைச் சுவரிலிருந்து பத்திரமாக உரித்தெடுத்து, ஓரங்களை வெட்டி, பஞ்ச் செய்து கோத்திருந்தார்கள். அவ்வளவு அக்கறையை நான்கூட எடுத்துக்கொண்டதில்லை. ஒரு கணம் பெருமையாக இருந்தது.

"இதெல்லாம் நீங்க ஒட்டுனதுதானே?"

"ஆமா சார். அன்புல ஒட்டுனது."

"அன்புன்னு எங்ககிட்ட தனிப் பிரிவு இல்ல. இறப்புன்னுதான் இருக்கு."

ஜெபமணி பொறுமையாக விளக்கினார். படத்தில் தினமும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை. ஆகவே அடுத்த படத்தில் எழுந்து வந்துவிடுகிறார்கள். அறவாழிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எழுத்துப்பூர்வமான சாட்சியம் வந்திருக்கிறது. முப்பத்தேழு வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்களாம். முப்பத்தெட்டாவதில் பதிவு செய்துவிட்டார்கள். அதிலிருந்து எந்த இயக்குநர் அவரைப் பற்றி விசாரித்தாலும் காலமாகிவிட்டார் என்று இங்கிருந்து பதில் போகிறது. இயக்குநர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வேறு அண்ணனைப் பார்த்துக்கொள்கிறார்கள். ராக் இசைக்குழுவில் மட்டும் அதையெல்லாம் விசாரிப்பதில்லை.

மூன்று வருடமாக அவரை வீட்டில் உட்காரவைத்தது நான். வேறு யாருமில்லை. எனக்கு அழுகை வந்தது. நாற்காலிக்கு முன்னால் அழக்கூடாது என்று ஜெபமணி சைகை செய்தார்.

இடைவேளையில் என்ன ஆகும் என்று கேட்டேன். மணி அடித்ததும் வழக்கம்போல நடக்கும் என்றார். ஆனால் இந்த முறை எழுந்து வருவதற்கு அடுத்த படம் என்று ஒன்று இல்லை. எனவே இதுதான் கடைசி. வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி சொன்னார்.

பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். படிவம் ஏழு. இன்னார் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான உறுதிமொழி. போஸ்டர் ஒட்டியவரே நிரப்ப வேண்டும், வேறு யாரும் நிரப்பினால் செல்லாது. பெயர், வயது, முகவரி எல்லாம் கடகடவென்று எழுதினேன். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றது. அன்னாரிடம் நீங்கள் கண்ட குறை ஒன்று என்று இருந்தது.

இது எதற்கு என்று கேட்டேன்.

"முன்கோபின்னு எந்த போஸ்டர்லயாவது பாத்திருக்கீங்களா? கஞ்சன்னு? குறட்டை விடுவாருன்னு?" என்றார் ஜெபமணி. "செத்தவங்களுக்கு யாரும் குறை எழுதமாட்டாங்க. குறை இருந்தா ஆள் இருக்காருன்னு அர்த்தம். எங்களுக்கு வேற வழி தெரியல."

யோசித்தேன். இருபத்திரண்டு வருடத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். தன்னடக்கம் அதிகம் என்று சொன்னேன். செல்லாது என்று ஜெபமணி தலையை ஆட்டினார். யாரையும் எளிதில் நம்பிவிடுவார் என்றேன். அதுவும் போஸ்டரில் வருகிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் ரொம்ப நல்லவர், அதுதான் அவருடைய ஒரே குறை என்றேன். நாற்காலி தானாகவே நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"உண்மையான குறையா இருக்கணும். அவர் முகத்துக்கு நேரா சொல்லணும். முதுகுக்குப் பின்னாடி யாரை வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம், அது கணக்கில்ல" என்றார் ஜெபமணி. "இடைவேளை மணி அடிச்சு முடியறதுக்குள்ள."

படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வந்தேன். திரும்பும்போது நடைவழி மூன்று அடிதான் இருந்தது. கொய்யாக்காரர் மிகவும் நெருக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். நீள மேசைகள், காகித விரிப்பு, நுனி இலை. மூன்று வரிசை நிரம்பியிருந்தது. இளவட்டங்கள்தான் அதிகம். எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. எதிரே மேடையில் ஒரு பெண் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் உப்பு வைத்தார்கள். பிறகு இலையின் ஓரத்தில் கொஞ்சம் கிட்டார் வைத்தார்கள். ட்ரம்ஸை வாளியில் கொண்டுவந்து கரண்டியால் ஊற்றினார்கள். கையைக் காட்டி நிறுத்தாவிட்டால் ஊற்றிக்கொண்டே போனார்கள். பேஸ் கிட்டார் கெட்டியாக இருந்தது, இலையில் ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறவாழி வந்தார். திரையில் பார்ப்பதைவிட ஒரு சாண் குள்ளம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். முடி கொட்டியிருந்தது. வெளிறிய ஜீன்ஸ், அரைக்கைச் சட்டை. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. எவனும் அரிவாளோடு நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு நடந்து வந்து மைக்கைப் பிடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விசில் அடித்தேன். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கடைசி வரிசையிலிருந்து வந்தது.

முதல் பாட்டு மின்தூக்கியைப் பற்றியது. இரண்டாவது கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போவதைப் பற்றியது. இரண்டும் பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செயலாளரும் அதை ஆமோதித்தார்.

மூன்றாவது பாட்டுக்கு வத்சலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் இன்னும் ஊசி குத்தியிருந்தது. அதை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள். படிவத்தைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, இலையில் விழுந்த குரலைக் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள்.

"சுதி சேரலங்க" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. சங்கீதத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அந்தப் பாட்டில் ஒரே வரிதான். உள்ளயா வெளியயா, உள்ளயா வெளியயா என்று திரும்பத் திரும்பப் பாடினார். நாற்பது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரைக் கழுத்துவரை தூக்கி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் மேற்கூரையில் எத்தனை மின்விசிறி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது. அறவாழி எதிரில் நிற்கும்போது நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். பயமாகிவிட்டது.

வத்சலா என் பக்கம் சாய்ந்தாள்.

"ரெண்டாம் பாதி என்னன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள். "ரெண்டாம் பாதி பூரா உங்க ஆளுதாங்க. போட்டோவா இருப்பாரு. மாலை போட்டு வச்சிருப்பாங்க. எல்லாரும் வந்து அது முன்னாடி நின்னு அழுவாங்க, சத்தியம் பண்ணுவாங்க. ஹீரோ அது கூட மணிக்கணக்கா பேசுவாரு. ஒருத்தர்கூட அவர்கிட்ட சண்டை போட்டு நான் பாத்ததில்ல."

"இத்தனை வருஷத்துல ஏன் சொல்லல?"

"நீங்க சைக்கிளைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. பாக்கவே பாவமா இருக்கும்."

பதினேழு நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு முடிந்தது. கைதட்டல் சுமாராக இருந்தது. நான் பலமாகத் தட்டினேன். நான்காவது பாட்டின் நடுவில் மணி அடித்தது.

என் கால்கள் எழுந்துவிட்டன. அவற்றுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் உட்கார்ந்திருக்க நினைத்தேன், கால்கள் என்னையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தன. வத்சலா என் கையைப் பிடிக்கவில்லை. மணி நீளமாக அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கால்கள் இன்னும் கொஞ்சம் நடந்து பார்த்து நின்றன.

திரும்பிப் பார்த்தேன். மேடையில் அறவாழி பாடுவதை நிறுத்தியிருந்தார். கிட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார். மூக்குக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். அவசரமே இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரிந்த வேலை. வலது கையை நெஞ்சில் வைத்தார். முழங்கால் மெல்ல மடிந்தது. முதல் வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள். ஒருவர் மாலையைத் தயாராக வைத்திருந்தார். ட்ரம்ஸ் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தலைவரே" என்று கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருடம் முப்பத்தெட்டு போஸ்டரில் எழுதிய அத்தனை வார்த்தைகளும் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. அன்பே உருவான, பண்பின் சிகரமான, பாசத்தின் உறைவிடமான. ஒன்று விடாமல் விழுங்கினேன். தொண்டை வலித்தது.

"மூணாவது பாட்டு நல்லா இல்ல தலைவரே."

பாதி மடிந்த முழங்கால் அப்படியே நின்றது.

"எது?" என்றார் அறவாழி. நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உள்ளயா வெளியயா. பதினேழு நிமிஷம். சுதி எங்கயோ போகுது, நீங்க எங்கயோ போறீங்க. எனக்குத் தூக்கம் வந்துருச்சு."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்த பிறகு மூட முடியவில்லை. கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடினால் யாருக்குப் புரியும் என்று கேட்டேன். கண்ணைத் திறந்து பாடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். பஞ்சாலையில் மூச்சுத் திணறி இறந்த படத்தில் இருமல் ரொம்ப ஓவர் என்றும் சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தோன்றியது, போஸ்டரில் எழுத முடியாமல் வைத்திருந்தேன். வட்டாட்சியராக வந்த இரண்டு படத்திலும் ஒரே மீசை. கேட்பாரில்லை என்று நினைத்துக்கொண்டாரா.

அறவாழி எழுந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைத் தேடினார். முகம் சிவந்திருந்தது. காது மடல்வரை சிவந்திருந்தது. முப்பத்தெட்டு படங்களில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"யாருய்யா நீ?"

"உங்க ரசிகர் மன்றத் தலைவர்."

"எனக்கு மன்றம் வேற இருக்கா?"

"இருக்கு. உறுப்பினர் ஒருத்தர்."

"ஒரே ஒருத்தன். அவனும் இப்படிப் பேசுறான்." அவர் ட்ரம்ஸ் பெண்ணிடம் திரும்பினார். "சுதி சேரலையாம்மா?"

அவள் நகத்தைக் கடித்தபடி, ரொம்ப நாளாகவே சேரவில்லை, சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். மணி எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மாலை வைத்திருந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். படிவத்தில் ஐந்தாவது கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். போதவில்லை. மார்ஜினில் எழுதினேன், பின்பக்கத்தில் எழுதினேன், மீதியை மேசை விரிப்பில் எழுதினேன். வத்சலா விரிப்பைக் கிழித்துப் படிவத்தோடு மடித்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்து நடந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

பந்தியில் இரண்டாவது முறை பரிமாற வந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. அறவாழிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்துக்கு அவரும் இதற்கு முன் வந்ததில்லை. கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது.

"மூணாவது பாட்டு. திரும்ப" என்றார்.

கிட்டாரை இடுப்புக்கு இறக்கிக் கட்டினார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னையே பார்த்து, உள்ளயா வெளியயா என்று ஆரம்பித்தார். குரல் சூடாக இலையில் வந்து விழுந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். நான்காவது தடவை அதே இடத்தில் சுதி விலகியது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

அவர் நிறுத்தினார். என்னை ஒரு முறை முறைத்தார். தண்ணீர் குடித்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.